பழவேற்காட்டில் பெல்ட் பார்க்கப் போனேன்

வாரத்தில் ஆறு நாள் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தேறாத வார்ப்புகளை ஓரம் தள்ளுவது என் வேலை. ஏழாவது நாளிலும் கை சும்மா இருக்காது. கார் ஓட்டப் பைத்தியம் பிடித்த டாக்டர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், மெக்கானிக்குகள் சேர்ந்து நடத்தும் எங்கள் கார் மன்றத்தில், ஓட்டத்துக்கு முன்னால் வண்டிகளைப் பரிசோதிக்கும் பொறுப்பு என்னுடையது. ஹெல்மெட் சரியா, பெல்ட் சரியா, பேட்டரி ஆடுகிறதா, தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா என்று பார்த்து, தேறினால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘ரிஜெக்ட் ருக்மணி’ என்பார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

தையில் சென்னைப் பக்கத்து மன்றம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய பரிசோதகர் குளியலறையில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாராம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தார்த் திடல் இருக்கிறது, ஏதோ கிடங்குக்காகத் தார் போட்டுக் கிடங்கு வராமலே போன இடம், அங்கே ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், வர முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் குளம் என்றால் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் பச்சைத் தரைதான். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராக ஓர் ஏரியைப் பார்க்கலாம் என்று, வெள்ளிக்கிழமையே லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

பேருந்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் என் இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்காமலே மொழிபெயர்த்தார். “இந்தம்மா பல்லு புடுங்குற டாக்டராம். பெட்டிக்குள்ள கொறடு கீதாம்.” கொறடு இருந்தது உண்மைதான். நான் மறுக்கவில்லை. உடனே அதில் ஒருத்தி முன்னால் வந்து வாயைத் திறந்து கடைவாயைக் காட்டினாள். பயணத்தில் இப்படி ஒரு மரியாதை எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

திருப்பாலைவனத்தில் பேருந்து நின்றது. நின்றது என்பதைவிட, கியர் கம்பி ஓட்டுநர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோபம் வந்த எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி வயலோரமாக நின்றோம். அறுப்புக்கு நெருங்கிய நெல்லில் கொக்குகள் நின்றன. அப்போது ஒரு வெள்ளை மாருதி எண்ணூறு வந்து என் பக்கத்தில் நின்றது. பின் இருக்கையில் மீன் ஐஸ் பெட்டி. ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும், உப்புக்காற்றில் பழுத்த முகம்.

“எங்கம்மா போவணும்? பழவேக்காடா? ஏறு, நானும் அங்கதான் போய்கினு கீறேன்.”

எங்கள் ஊரில் நாய்க்குட்டிக்குக்கூட ஒரு ‘ங்க’ சேர்த்துத்தான் பேசுவோம். இங்கே முதல் வார்த்தையிலேயே ‘ஏறு’. அரை நிமிஷம் குத்தியது, அப்புறம் சொந்தக்காரர் வண்டியில் ஏறிய மாதிரி ஆகிவிட்டது. அவர் பெயர் எட்வின். கோட்டைக்குப்பத்தில் பைபர் படகு வைத்து ஏரியிலும் கடலிலும் மீன் பிடிக்கிறார். கார் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது.

உட்கார்ந்ததும் பழக்கத்தில் என் கை தோளுக்கு மேலே போய்த் துழாவியது. பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் துண்டு மட்டும் தொங்கியது.

“இன்னாம்மா தேடுற?”

“பெல்ட்டுங்க.”

“அதுவா? வண்டி வாங்குன அன்னிக்கே அறுத்துக் கடாசிட்டேன். நாலு சீட்டுலயும்.”

“அறுத்துட்டீங்களா? ஏனுங்க?”

“எவனாச்சும் கட்டிகினு வண்டில குந்துவானா? கவுந்துச்சுன்னா எப்டி வெளிய வர்றது?” என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் உற்சாகமாகத் தொடர்ந்தார். “ஞாயித்துக்கெழம ரேஸு கீதும்மா. நானும் பேரு குட்த்துகீறேன். எங்க குப்பமே ரெண்டு வேன் புடிச்சு வருது. ஒரே ஒரு பேஜாரு. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு பொம்பள வருதாம் செக் பண்றதுக்கு. ரொம்ப ராங்கியாம்.”

“நான்தானுங்க அது” என்றேன்.

கார் தானாகவே வேகம் குறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. நாளை மறுநாள் குப்பமே வேடிக்கை பார்க்க வரும் ஓட்டத்தில் இவர் ஓட்டுவாரா மாட்டாரா என்பது என் கையில் இருக்கிறது. பெல்ட் இல்லாத வண்டியை நான் ஒரு நாளும் தேற்றியதில்லை.

மன்றம் எடுத்துக் கொடுத்திருந்த அறையில் பெட்டியை வைப்பதற்குள் எட்வினின் மனைவி ஸ்டெல்லா ஆளனுப்பிவிட்டாள். மண்சட்டியில் நண்டுக் குழம்பு, பொரித்த மடவை மீன், இறால் தொக்கு. கோவைக்கு வரும் மீன் ஐஸில் மூன்று ஊர் பார்த்துவிட்டு வரும். அதை மீன் என்று நம்பி இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன் என்பதை நினைத்து வருத்தப்பட்டேன். நண்டை உடைக்கத் தெரியாமல் நான் திணறியதைப் பார்த்து ஸ்டெல்லா பிடுங்கிக்கொண்டு, தானே உடைத்துச் சதையை என் தட்டில் போட்டாள்.

“எக்கா, பெல்ட்டு கில்ட்டுலாம் அப்பால பாத்துக்கலாம். மொதல்ல துன்னு.”

மூன்றாவது நண்டில் எனக்கு உறைத்தது. இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு நாளைக்கு இந்த மனிதரின் காரைத்தான் தள்ளப் போகிறேன். “பெல்ட் இல்லாம ஓட்ட விட முடியாதுங்க” என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா இன்னொரு கரண்டி ஊற்றினாள். எட்வின் மட்டும், “நாளைக்குக் காலைல போட்டுல வாம்மா, அப்பறம் பேசிக்கலாம்” என்றார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் படகுத்துறையில் நின்றேன். ஏரி விடிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். எட்வினும் அவருடைய தொழில் பங்காளி மணியும் தங்களுடையதைப் பலகைமேல் போட்டு மெத்தையாக உட்கார்ந்தார்கள். நான் முறைத்தேன். அவர்கள் பூநாரைகளைக் காட்டினார்கள்.

படகைத் தள்ளுவதற்கு முன்னால் எட்வின் சத்தமாக, “கத்தி?” என்றார். மணி பின்புறம் குனிந்து, கட்டையில் செருகியிருந்த ஒரு கத்தியைத் தட்டிக் காட்டி, “கீது” என்றான். அதன் பிறகுதான் இஞ்சின். பக்கத்துப் படகிலும் அதே கேள்வி, அதே பதில். ஒரு படகு கத்தியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தது. ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்ப ஓடினான். மற்றவர்கள் கிண்டல் செய்துகொண்டே காத்திருந்தார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். என் வேலையை இங்கே யாரும் சொல்லித்தராமல், ஸ்டிக்கர் ஒட்டாமல், தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முகத்துவாரத்தை நெருங்கியதும் அலை தூக்கிப் போட்டது. பயத்தில் பக்கத்தில் கிடந்த கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“கைல சுத்தாத!” எட்வின் போட்ட சத்தத்தில் அலையே அடங்கும். எழுந்து வந்து என் கையிலிருந்து கயிற்றை உருவினார். “புடிச்சுக்கோ. சுத்திக்காத. போட்டுல எதயும் ஒடம்புல சுத்திக்கக் கூடாதும்மா. கயிறு போவசொல்ல ஒன்னையும் இட்டுகினு போய்டும்.”

அவர் நகர்ந்ததும் மணிதான் சொன்னான். இரண்டு வருஷம் முன்னால் கடலில் நங்கூரம் போடும்போது கயிறு எட்வினின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டதாம். நங்கூரத்தோடு ஆளும் உள்ளே போய்விட்டார். மணி கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்து, கயிற்றைத் தடவிப் பிடித்து அறுத்து மேலே கொண்டுவந்திருக்கிறான். “அதுலேர்ந்து இவன் ஒடம்புல எதயும் கட்ட மாட்டான். வாச்சு கெடயாது. ஜெபமாலையக்கூட பாக்கெட்டுலதான் வெச்சுகினு கீறான்.”

நேற்றிலிருந்து இந்த மனிதரைத் திமிர் பிடித்தவர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கரைக்கு வந்ததும் சொன்னேன். “படகு கவுந்தா அதை விட்டு வெளிய வரணும், சரிதானுங்க. கார் உருண்டா அதுக்குள்ளயே ஒட்டிட்டுக் கெடக்கணும். வெளிய தெறிச்சா அந்த வண்டியே மேல ஏறீரும்.” அவர் தலையை ஆட்டினார். புரிந்தது என்பதற்காக அல்ல, போதும் நிறுத்து என்பதற்காக.

மதியம் திடலில் பரிசோதனை. முதலில் வந்தவன் கார்த்திக் என்ற சென்னைப் பையன். விலை உயர்ந்த கார், புத்தம் புது ஹெல்மெட், அதன் தாடைப் பட்டையில் கொக்கியே இல்லை. “உடைஞ்சு போச்சு மேடம். ஒரு நிமிஷ ஓட்டம்தானே? பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவுல ஓட்டப்போறோம், இதுக்கெல்லாமா?” என்றான். அவன் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டினேன். அது மூக்கில் வந்து நின்றது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “வேற ஹெல்மெட்டோட அஞ்சு மணிக்குள்ள வாங்க தம்பி” என்று அனுப்பினேன். எங்கள் ஊரிலும் இதே கதைதான். இஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்வார்கள், தலைக்கு மட்டும் கை வராது.

நான்காவதாக எட்வினின் மாருதி. பேட்டரி பிரமாதம், வலைக்கயிற்றால் கட்டாமல் இரும்புப் பட்டையே போட்டிருந்தார். பிரேக் நன்றாக இருந்தது. இருக்கைக்கு அடியில் கை விட்டால், ஒரு கத்தி. உறையில்லாமல் சும்மா கிடந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் அது யார் காலில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

“பெல்ட் இல்ல. கத்தி ஆபத்தா கெடக்குது. தேறலீங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எட்வின் சண்டை போடவில்லை. காரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திவிட்டு, மணியோடு அதன் நிழலில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா எனக்கு டிபன் கேரியரோடு வந்தாள். சேதி கேட்டதும் முகம் மாறியது. கேரியரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். டக்கென்று என் பெட்டிமேல் வைத்தாள். “சோத்துல இன்னா கோவம், துன்னு. வேன்காரனுக்கு வரவேணான்னு சொல்லணும்” என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கேரியரைத் திறந்தேன். விதியைத் தளர்த்தினால் இந்தக் குடும்பம் சந்தோஷப்படும். நாளைக்கு வண்டி புரண்டால் இதே ஸ்டெல்லாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சாப்பிட்டுக்கொண்டே சும்மா விதித்தாளைப் புரட்டினேன். மனப்பாடமாகத் தெரியும் என்பதால் நான் பல வருஷமாக முழுசாகப் படிக்காத தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில், ஆடாதபடி பொருத்தப்பட்ட, பெல்ட்டை அறுக்கும் கத்தி ஒன்று இருப்பது நல்லது. கட்டாயம் இல்லை என்பதால் எங்கள் மன்றத்தில் ஒருவரும் அதை வைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். தாளை எட்வினிடம் நீட்டினேன். அவர் மெதுவாக எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்.

“அப்போ கத்தி வெச்சுக்கலாமா?”

“வெச்சே ஆகணும்னு நான் சொல்றேன். ஆனா பெல்ட் போடணும். கத்தி உறையில, போல்ட் போட்டு நிக்கணும். முனையை மழுக்கணும்.”

“முன இல்லாட்டி அது இன்னா கத்தி?”

“அறுக்கறதுக்குத்தானுங்க, குத்தறதுக்கில்ல.”

இப்போது பெல்ட்டுக்கு எங்கே போவது? நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த கார்த்திக் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். அவன் காருக்கு வாங்கி, அளவு ஒத்துவராமல் டிக்கியில் கிடந்த நாலு வார் பெல்ட் ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது. இரண்டு தோளுக்கு, இரண்டு இடுப்புக்கு, நடுவில் ஒரே கொக்கி. “எடுத்துக்கங்கண்ணா” என்றான். அவன்மேல் எனக்கிருந்த எரிச்சலில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதி அவன் ஹெல்மெட்டோடு வரட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

பழைய போல்ட் ஓட்டைகள் அப்படியே இருந்தன. நானும் மணியும் காருக்குள் தலைகீழாகக் கிடந்து பெல்ட்டை முடுக்கினோம். மணி கத்தி முனையைத் தேய்த்து மழுக்கி, தடித்த ரப்பரில் உறை தைத்து, கியருக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு நிறுத்தினான். நாலரை மணிக்கு எட்வின் உள்ளே உட்கார்ந்தார். வார்களைத் தோளில் போட்டுக் கொக்கியை மாட்டினேன். க்ளிக் என்ற சத்தம் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. நெற்றியெல்லாம் வேர்வை. “எடு, எடு, எடு” என்றார். எடுத்துவிட்டேன்.

“நீங்களே எடுக்கோணும்” என்றேன். “ஒரு அமுக்கு, அவ்வளவுதான். நான் எண்ணறேன்.”

முதல் தடவை கொக்கியைக் கண்டுபிடிக்கவே பதினொன்று ஆயிற்று. மறுபடி. ஒன்பது. மறுபடி. நான் எண்ணினேன், மணி எண்ணினான், பிறகு ஸ்டெல்லாவே வந்து ஜன்னலில் முழங்கை ஊன்றிக்கொண்டு எண்ணினாள். நாலு எண்ணுவதற்குள் ஆள் வெளியே நின்றபோது அவருக்கே சிரிப்பு வந்தது. கடைசியாக ஒன்று கேட்டார். கத்தி இந்தப் பட்டையை அறுக்குமா? நியாயமான கேள்வி. என் பெட்டியில் கழித்துப் போட்ட பழைய பெல்ட் ஒன்று இருந்தது. அதை அவர் உடம்பின் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் நாங்கள் இழுத்துப் பிடித்தோம். உறையிலிருந்து கத்தியை உருவினார், ஒரே இழுப்பு. நானும் மணியும் ஆளுக்கொரு துண்டோடு தரையில் விழுந்தோம். எட்வினும் ஸ்டெல்லாவும் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன். கார்த்திக்கும் ஒரு ஹெல்மெட்டை யாரிடமோ கடன் வாங்கி, தாடைப் பட்டையை நானே பார்க்கும்படி இழுத்து மாட்டிக்கொண்டு வந்தான். வேன்காரனுக்கு ஸ்டெல்லா இன்னும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு வேனும் வந்து சேர்ந்தன. கோவையில் நாங்கள் ஓட்டம் நடத்தினால் கைதட்டலோடு சரி. இங்கே திடலே அதிர்ந்தது. குப்பத்து ஆட்களுக்குக் காரும் படகும் ஒன்றுதான். “டேய், இஞ்சின கொறச்சுத் திருப்புடா!” “காத்துப் பக்கம் சாயாத!” என்று யார் ஓட்டினாலும் கத்தினார்கள். ஒரு பல் டாக்டர் மூன்று கூம்புகளைத் தட்டிவிட்டபோது, வலையில் பெரிய மீன் விழுந்த மாதிரிக் குதித்தார்கள். அவருக்கு அது பாராட்டா கிண்டலா என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். எட்வினின் முதல் ஓட்டம் பரிதாபம். கொடி இறங்கியதும் கார் மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. கிட்டே வந்தபோது பார்த்தேன். வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கத்தியின் பிடியில். கியர் மாற்ற மட்டும் அதை விட்டார், மாற்றியதும் மறுபடி பிடித்தார். வளைவுகளில் இருக்கைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தார். வார்களை அவர் தொளதொளவென்றுதான் மாட்டியிருக்கிறார். புறப்படும் கோட்டில் இழுத்துப் பார்க்காமல் விட்டது என் தப்பு. எல்லோருக்கும் கடைசியாக வந்தார். குப்பம் அதற்கும் விசிலடித்தது, ஸ்டெல்லாவைத் தவிர. “கத்திய இன்னாத்துக்கு கொஞ்சிகினு கீற? வண்டிய ஓட்டுய்யா!” என்று அவள் போட்ட சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

இரண்டாவது ஓட்டத்துக்குக் கார் கோட்டுக்கு வந்தது. கொடிக்காரர் கையைத் தூக்கினார். எட்வின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நிறுத்து என்றார். முடியாது, இறங்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் பழைய கடல் பயம் ஒரு மத்தியானத்தில் போய்விடுமா என்ன? இறங்கினாலும் பரவாயில்லை, ஒரு தடவையாவது ஓட்டிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே கார் பக்கம் நடந்தேன்.

எட்வின் என்னைப் பார்த்தார். வேர்த்திருந்தார், ஆனால் முகம் வெளுக்கவில்லை.

“யம்மா, போன வாட்டி வளைவுல ஆடிட்டேன். கை நிக்கல. இத்த நல்லா இறுக்கி உடு.”

இடுப்பு வார்களை இழுத்தேன். தோள் வார்களை இழுத்தேன். “போதுங்களா?”

“இன்னும்.”

கதவில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். அவர் ‘ஹக்’ என்றார். அந்தச் சத்தத்துக்கு நான் பச்சை ஸ்டிக்கர் ஒன்று தனியாக ஒட்டுவேன். “இப்பத்தான் சீட்டும் நானும் ஒண்ணா கீறோம். தள்ளிக்கோ” என்றார்.

கொடி இறங்கியது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. முதல் வளைவை அவர் எடுத்த எடுப்பில் டயர் கத்தியது, கார் சாய்ந்தது, ஆள் சாயவில்லை. எண்ணூறு சிசி இஞ்சினுக்கு அவ்வளவு குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூம்புகளுக்கு நடுவில் வலையில் சிக்காத மீனாக வளைந்து வளைந்து போனார். ஒரு கூம்புகூட விழவில்லை. நான் பரிசோதகர், கைதட்டக் கூடாது. வாய்விட்டுக் கத்திவிட்டேன், அதைப் பற்றி விதித்தாளில் ஒன்றும் இல்லை.

முதலிடமெல்லாம் இல்லை, நடுவில் எங்கோ ஓரிடம். கோப்பை கார்த்திக்குக்குப் போயிற்று. அதை யார் கவனித்தார்கள்! முடிவுக் கோட்டுக்கு அப்பால் கார் நின்றதும் இரண்டு வேன் ஜனமும் ஓடிப் போய் அதைச் சூழ்ந்துகொண்டது. மணி கதவைத் திறந்துவிட்டான். அடுத்த கார் பின்னால் வந்து ஹாரன் அடித்தது.

எட்வின் இறங்கவில்லை. வார்கள் நெஞ்சில் பதிந்திருக்க, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அவுத்துட்டு எறங்கி வாய்யா, வழிய உடு!” என்றாள் ஸ்டெல்லா.

“இரும்மே,” என்றார் எட்வின். “இன்னும் கொஞ்ச நேரம் இப்டியே குந்திகினு கீறேன்.”